நாற்காலிக்கு விட்ட இடம்

ஜூன் 4

தம்பிக்கு,

பெட்டி எத்தனை வருஷம் உழைக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தும் தெரியவில்லை.

நீ அவனிடம் கேட்டாய். அவன் என்னிடம் கேட்டான். சமையலறை வாசலில் தன் சக்கர நாற்காலியை நிறுத்தச் சொல்லி, கைபேசியைப் பார்த்தபடியே, "அம்மா, மாமா கேக்கறார். தூள் பலகைன்னா அஞ்சாறு வருஷம் வருமாம், அப்புறம் ஈரத்துல ஊதிடுமாம். நல்ல பிளைவுட்னா பதினஞ்சு வருஷம் நிக்குமாம். நமக்கு எத்தனை வருஷத்துக்கு வேணும்? என்ன சொல்லட்டும்?" என்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. இந்த இருபத்தொரு வயதுக்குள் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளப் பழகிவிட்டான். அடுப்பில் ஏதோ இருப்பதாகச் சொல்லித் திரும்பிக்கொண்டேன். அடுப்பை நான் பற்றவைக்கவே இல்லை என்பது அவன் இருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரியும்.

விஷயம் எனக்கு அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது. வண்டி நிறுத்துமிடத்துக்குப் போனால் காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு ஒருவர் டேப் பிடித்து அளந்துகொண்டிருக்கிறார். காலையிலும் மாலையிலும் வந்து அவனைத் தூக்கி உட்கார வைக்கும் உதவியாளர். அவருக்கு அவன் 'கிரேன்' என்று பெயர் வைத்திருப்பது உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியாதவை எல்லாம் உனக்குத் தெரிந்துதான் இருக்கின்றன. நான்கு வருஷமாக நீங்கள் இருவரும் போனில் பேசிக்கொண்டிருக்கிறீர்கள் என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. என் வீட்டு வாசலை மிதிக்காதே என்று சொன்னேன். வாசல் வழியாக நீ வரவில்லை, உண்மைதான்.

பெட்டியே வேண்டாம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு விஷயங்கள் தெரியாமல் அப்படி எழுத முடியவில்லை. காரில் பாட்டுக் கேட்க ஏற்கெனவே ஸ்பீக்கர்கள் இருக்கின்றன, சப்வூஃபர் எதற்கு? அதை வைக்கும் பெட்டியில் அப்படி என்ன வித்தியாசம், நீங்கள் இருவரும் நாள்கணக்கில் பேசும்படி? அவனிடம் கேட்டால், "உனக்குப் புரியாதும்மா, நீ தண்ணி டெஸ்ட் பண்றவ" என்கிறான்.

என் கைபேசியைப் பார்த்துக்கொள்வது அவன்தான். எனக்கு வரும் செய்தியை எனக்கு முன்னால் படித்து, தேவையானதை மட்டும் எனக்குச் சொல்வான். ஆகையால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். பேசலாம் என்றால், பேச ஆரம்பித்தால் என்ன சொல்வேன் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. பதிலை ஆய்வுக்கூடத்து முகவரிக்கு எழுது.

அக்கா


ஜூன் 11

அக்கா,

உன் கையெழுத்துல ஒரு கவர் கடைக்கு வந்ததும் எனக்குக் கை ஓடல. பிரிக்காம மேஜை மேல வெச்சுட்டு ரொம்ப நேரம் வேற வேலை பாத்தேன். எனக்கு உன்ன மாதிரி புஸ்தகத் தமிழ் வராது. பேசற மாதிரியே எழுதறேன். சிவப்பு மையில தப்பு திருத்தித் திருப்பி அனுப்பிடாத. சின்ன வயசுல நீ அதப் பண்ணவதான்.

எத்தனை வருஷம்னு கேட்டது, அக்கா, அது கார் ஸ்பீக்கர் மாட்ட என் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் கேக்கறது. டாக்சிக்காரர் பத்து வருஷம்பார். காலேஜ் பசங்க, "எங்கப்பா கண்ணுல படற வரைக்கும் தாங்கினா போதும்ணா"ம்பானுங்க. வாய்ப் பழக்கம். அனுப்பினதுக்கு அப்புறம்தான் சுரீர்னு உறைச்சுது. அழிக்கலாம்னு பாக்கறதுக்குள்ள அவன் படிச்சுட்டான். "கேட்டு சொல்றேன் மாமா"ன்னு ஒரு சிரிக்கிற பொம்மை வேற அனுப்பினான். அன்னிக்கு நான் கடையச் சீக்கிரம் மூடிட்டேன்.

பெட்டியப் பத்திச் சொல்றேன். சப்வூஃபர்ங்கறது பெரிய ஸ்பீக்கர், அடி சத்தத்துக்கு மட்டும். அதத் தனியா வெச்சா ஒண்ணும் கேக்காது. முன்னாடி தள்ளற காத்தும் பின்னாடி இழுக்கற காத்தும் ஒண்ண ஒண்ணு முழுங்கிடும். அதனால பெட்டிக்குள்ள அடைக்கணும். அதுல ரெண்டு ஜாதி. ஒண்ணு நாலு பக்கமும் மூடினது. சின்னதாப் போதும். உள்ள இருக்கற காத்து ஸ்பிரிங் மாதிரி நின்னு பிடிச்சுக்கும், அடிச்சா அடிச்ச இடத்துல சுத்தமா நிக்கும். இன்னொண்ணு குழாய் வெச்சது. அது பின்னாடி அடிக்கற காத்தையும் குழாய் வழியா வெளிய விட்டு, முன்னாடி சத்தத்தோட சேர்த்துடும். அதே கரண்டுக்கு இன்னும் ஆழமாப் போகும். காதுக்கு முன்னாடி உடம்புக்குக் கேக்கும். ஓடறப்ப குழாய் வாயில கைய வெச்சுப் பாரு, காத்து போய்ப் போய் வரும். பெட்டி மூச்சு விடற மாதிரி இருக்கும். ஆனா பெருசு, டிக்கியே காலி. எங்க ஜட்ஜ் ஐயா கேட்டது அதத்தான். உக்காந்த இடத்துலேர்ந்து எல்லாத்துக்கும் தீர்ப்பு சொல்றானே, அதனால போன்ல நான் அவன ஜட்ஜ்னுதான் கூப்பிடறது.

எதுக்குன்னு கேட்ட. அந்த நாளப் பத்தி நான் பேசினா உனக்குக் கோவம் வரும், ஆனாலும் சொல்லித்தான் ஆகணும். நாலு வருஷத்துக்கு முன்னாடி, எந்த வண்டி ஸ்பீக்கர் பெருசா அதிரும்னு பாக்கற கார் சத்தப் போட்டிக்கு அவன உன்கிட்ட கேக்காமக் கூட்டிட்டுப் போனேன். வெயில், தூசி, அப்புறம் சளி நெஞ்சுல கட்டி ஆஸ்பத்திரி. எல்லாம் சரி, என் தலையில. ஆனா அங்க என்ன நடந்துச்சுன்னு நீ ஒரு நாளும் கேக்கல. ஜெயிச்ச வண்டியோட சொந்தக்காரர் அவன முன் சீட்டுல உக்கார வெச்சு, கதவ மூடி, பாட்டப் போட்டாரு. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டே இருக்கேன். இவன் கண்ண மூடிட்டான். எனக்கு பயம். கதவத் திறந்து "டேய், என்னடா ஆச்சு?"ன்னேன். "மாமா, நெஞ்சு தானா அசையுது. நான் ஒண்ணுமே பண்ணல மாமா"ன்னான்.

நமக்கு மூச்சு விடறது வேலையில்ல அக்கா. அவனுக்கு அது வேலை. அன்னிக்கு ஒரு பாட்டு நேரத்துக்கு அவனுக்கு லீவு கெடச்சுது. அதான் கேக்கறான்.

ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. டிக்கியில நாற்காலிக்கு இடம் விட வேணாம்ங்கறான். ஏன்டான்னு கேட்டா, "அதெல்லாம் இப்பத் தேவைப்படறதில்ல மாமா"ங்கறான். எனக்கு ஒரே சந்தோஷம். புது மருந்து ஏதோ வேலை செய்யுது போலிருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படித்தானே?

உன் தம்பி


ஜூன் 19

தம்பிக்கு,

அப்படி இல்லை.

அவன் தசைகள் தேய்வதை நிறுத்தும் புது மருந்து எதுவும் இல்லை. உன் கடிதத்தை ஆய்வுக்கூடத்தில், வரிசையாக வைத்த தண்ணீர் மாதிரிக் குப்பிகளுக்கு நடுவில் நின்றபடி படித்தேன். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டு அதே குப்பிக்கு இரண்டு முறை அமிலம் ஊற்றிவிட்டேன். அந்த மாதிரியை மறுபடி எடுத்துவர ஆள் அனுப்ப வேண்டியதாயிற்று.

அவன் உன்னிடம் பொய் சொல்லவில்லை. நாற்காலி தேவைப்படுவதில்லை என்பது ஒரு வகையில் உண்மை. குளிர்காலத்திலிருந்து, வெளியே போனால் அவன் காரைவிட்டு இறங்குவதில்லை. வாரம் ஒரு முறை வெளியே போகிறோம். பின்சீட்டில் கிரேனும், மூச்சு இயந்திரமும், சளி உறிஞ்சும் இயந்திரமும். முன்சீட்டைச் சாய்த்து அவன். நீர்த்தேக்கத்தின் கரையிலோ புத்தகக் கடைக்கு எதிரிலோ வண்டியை நிறுத்துவோம். முன்பெல்லாம் இறக்கி, நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போவேன். இப்போது ஒரு முறை இறக்கி ஏற்றினாலே அன்றைக்கு இருக்கிற தெம்பு அத்தனையும் போய்விடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம்.

நாற்காலியை ஒவ்வொரு முறையும் மடித்து டிக்கியில் வைத்துத்தான் எடுத்துப் போகிறேன். போன இடத்தில் டிக்கியை யாரும் திறப்பதில்லை. போன மாதம் அவன், "கீழ வாட்ச்மேன்கிட்ட விட்டுட்டுப் போலாமேம்மா, திரும்பி வந்து ஏறிக்கறேன்" என்றான். நியாயமான யோசனை. நான் அதை மடித்து டிக்கியிலேயே வைத்தேன். அதற்குப் பிறகுதான் அவன் உன்னிடம் பெரிய பெட்டி கேட்டிருக்க வேண்டும்.

ஆகவே என் முடிவைச் சொல்கிறேன். பெட்டி செய். மூடினது, சின்னது. மடித்த நாற்காலி டிக்கியில் இப்போது இருக்கிற மாதிரியே நிற்க வேண்டும். மீதி இருக்கிற இடத்துக்குள் உன் பெட்டி. கிரேன் எடுத்த அளவை நம்பாதே, அவர் அளந்தது காலி டிக்கியை. நான் அளந்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. நான் தேடிப் படித்தேன். பெரிய ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இருந்த இளைஞர்கள் சிலருக்கு நுரையீரலிலிருந்து காற்றுக் கசிந்ததாக மருத்துவ இதழ்களில் இருக்கிறது. எண்ணிக்கை மிகக் குறைவு. ஆனால் அவர்கள் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள். நெஞ்சு தானாக அசைகிறது என்பதில் மருத்துவப் பயன் ஒன்றும் கிடையாது. காற்று உள்ளே போய் வந்தால்தான் அது மூச்சு. விலா அதிர்வது மூச்சு ஆகாது. பெட்டியும் மூச்சு விடுவதில்லை. இதையெல்லாம் அவனுக்கு விளக்கமாகச் சொன்னேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "அது எனக்குத் தெரியாதா?" என்றான்.

அந்த நாளைப் பற்றி நான் கேட்கவில்லை என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். நீ சொல்லும் சந்தோஷத்துக்குப் பிறகு பதினோரு நாள் அவன் தொண்டையில் குழாயோடு கிடந்தான். நான் பார்த்தது அதைத்தான்.

அக்கா


ஜூலை 2

அக்கா,

நீ சொன்னபடியே செஞ்சுட்டேன். மூடின பெட்டி, பத்து அங்குல ஸ்பீக்கர், உன் அளவுக்குள்ள கச்சிதமா உக்காரும். நாற்காலி பக்கத்துல சாய்ஞ்சு நிக்கறப்ப உரசாம இருக்க ஒரு பக்கத்தக் கொஞ்சம் சரிவா வெட்டியிருக்கேன். ஓரத்துக்கு ரப்பர் ஒட்டியிருக்கேன். எந்தப் பலகைன்னு சொல்ல மாட்டேன், நீயும் கேக்காத.

வேலை முடிஞ்சும் பெட்டி கடையிலயேதான் இருக்கு. ஏன்னா கேட்டவனே வேணாம்னுட்டான். போன் போட்டு, "சின்னதாமே? நாற்காலிக்கு இடம் விட்டிருக்கீங்களாமே?"ன்னான். "உங்கம்மா சொன்னா"ன்னேன். "மாமா, நீங்க என் ஆளா, அம்மா ஆளா?"ன்னான். ரெண்டு பேர் ஆளும்தான்டா மாப்ளேன்னேன். "அப்படி ஒரு ஆளு எந்தக் கோர்ட்லயும் இல்ல மாமா. உங்கள வேலைய விட்டுத் தூக்கியாச்சு"ன்னுட்டு வெச்சுட்டான். அதுக்கப்புறம் போன் எடுக்கவே இல்ல. அவன் கோவத்துல பேசறப்பக்கூட சிரிப்பு வர்ற மாதிரிதான் பேசறான், கவனிச்சியா? நான் சிரிச்சுட்டேன். சிரிச்சிருக்கக் கூடாது.

எனக்கு உன் மேலயும் வருத்தம்தான், சொல்லிடறேன். வாசல மிதிக்காதன்னு சொன்ன, சரி. ஆனா அவன் இப்படி ஆயிட்டான்னு ஒரு வரி சொல்லியிருக்கலாம். வாரா வாரம் பேசறேன் அக்கா. ஒரு வாக்கியத்த முடிக்கறதுக்குள்ள ரெண்டு தடவ நிறுத்துவான். நான் ஏதோ லைன் கோளாறுன்னு நெனச்சுட்டு, "ஹலோ, ஹலோ, கேக்குதா?"ன்னு கத்துவேன். "கேக்குது மாமா, இங்க சிக்னல் கொஞ்சம் வீக்கு"ம்பான். நாலு வருஷமா என்ன அப்படியே ஓட்டியிருக்கான். என் மனசுல அவன் இன்னும் போட்டிக்கு வந்த பையன்தான். கைய ஆட்டிப் பேசிட்டு, என் தொப்பியப் பிடுங்கிப் போட்டுக்கிட்டு.

இப்ப அவனால கையத் தூக்க முடியுமா? எழுது. கேக்கறதுக்கு பயமா இருக்கு, ஆனா எழுது.

நாற்காலிய நீ ஏன் தூக்கிட்டே போறன்னு எனக்குப் புரியுது. புரியலன்னு நெனச்சுக்காத.

உன் தம்பி


ஜூலை 24

தம்பிக்கு,

கேட்டதற்கு முதலில் பதில். இடது கை தூக்க வராது. வலது கையை யாராவது சரியான இடத்தில் வைத்துவிட்டால் விரல்கள் வேலை செய்யும். போனை அப்படித்தான் இயக்குகிறான். உன்னோடு பேசும்போது கிரேன் போனைக் காதருகில் பிடித்துக்கொண்டு நிற்பாராம். நீங்கள் பேசுவதையெல்லாம் அவரும் கேட்டிருக்கிறார். உன்னைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப ஆசை.

எழுதத் தாமதமாகிவிட்டது. நடுவில் ஒன்று நடந்தது.

போன வாரம் ஆஸ்பத்திரியில் சக்கர நாற்காலி பொருத்தித் தரும் பிரிவில் அவனை அழைத்திருந்தார்கள். முதுகு ஒரு பக்கமாக வளைந்திருப்பதால் நாற்காலியில் உட்கார்ந்தால் ஒரு பக்க நுரையீரல் நசுங்குகிறது. அங்கே இருக்கும் சிகிச்சையாளர் சின்னப் பெண். அவன் முதுகுக்குப் பின்னால் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்துவிட்டு என்னிடம் பேசாமல் அவனிடமே பேசினாள். "இந்தச் சேர்ல இனிமே உக்கார வேணாம். பின்னாடி முழுசா சாயற மாதிரி ஒண்ணு தர்றேன். ஆனா அது மடிக்க முடியாது. பெரிய வண்டி இருந்தாத்தான் ஏத்தலாம்" என்றாள். அவன், "லிஃப்ட்ல போகுமா?" என்றான். "போகும்." "அப்பப் பரவால்ல. நான் கார் வரைக்கும்தான் போவேன்" என்றான்.

பழைய நாற்காலியை அங்கேயே திருப்பிக் கொடுக்கச் சொன்னார்கள். அது அவர்களுடையதுதான், மறந்தே போயிருந்தேன். கைப்பிடியில் நான் சுற்றி வைத்திருந்த துணியைப் பிரித்து எடுப்பதற்குள் ஒரு ஊழியர் அதைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் புதியதோடு லிஃப்டுக்கு வரும்போது கூடத்தில் யாரோ ஒரு பெண்மணி, காலில் கட்டோடு, அதில் உட்கார்ந்திருந்தார். துணியும் கைப்பிடியிலேயே இருந்தது.

கீழே வந்து அவனை முன்சீட்டில் ஏற்றி, புதிய நாற்காலியை வீட்டுக்கு அனுப்பிவைப்பதாகச் சொல்லி ஊழியர் எடுத்துப்போன பிறகு, பழக்கத்தில் நான் பின்னால் போய் டிக்கியைத் திறந்துவிட்டேன். வைப்பதற்கு ஒன்றும் இல்லை. திறந்தபடி எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியவில்லை. உள்ளேயிருந்து அவன், "அம்மா, காத்து வருது, மூடு" என்றான். பிறகு மெதுவாக, "கேஸ் தள்ளுபடி" என்றான். கிரேன் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. வீட்டுக்கு வரும் வரை அவன் பெட்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்குப் பிறகும் பேசவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது சொல்லி மறுத்திருப்பேன்.

நுரையீரல் மருத்துவரிடம் நானே கேட்டேன். இதழ்களில் படித்ததையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "ரிஸ்க் இருக்கும்மா. மெதுவா வெச்சுக் கேக்கட்டும். இனிமே எதுக்கெல்லாம் வேண்டாம்னு சொல்லப் போறோம்கறத நாம கொஞ்சம் பாத்து சொல்லணும்" என்றார். இந்த மாதிரி விஷயங்களில் எனக்கு எண்கள்தான் வேண்டும். இதற்கு எண் கிடையாது என்றார்.

ஆகவே, சின்னப் பெட்டியை யாருக்காவது கொடுத்துவிடு. குழாய் வைத்ததைச் செய். டிக்கி முழுவதையும் எடுத்துக்கொள். கிரேன் அளந்த அளவே சரி. எந்தச் சத்தத்துக்குக் குழாயை வெட்ட வேண்டும் என்பதெல்லாம் உன் இஷ்டம். அவன் போட்டி நாளில் கேட்டது எதுவோ அதற்குப் பக்கத்தில் இருக்கட்டும்.

பார்சலில் அனுப்பாதே. நீயே கொண்டுவந்து பொருத்து. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. வாசல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

இத கார் சீட்டுல வெச்சுட்டுப் போறேன். நீ மேல டீ போட்டுட்டு இருக்க. எனக்குக் குடிக்க முடியாது, மன்னிச்சுக்கோ. நான் கெளம்பறேன்.

வேலையெல்லாம் முடிஞ்சுது. பெட்டிய அடியில நாலு போல்ட் போட்டு இறுக்கியிருக்கேன், பிரேக் போட்டா நகராது. சத்தத்த ஏத்தற ஆம்ப் பின்சீட்டுக்குக் கீழ, கிரேன் அண்ணன் காலு படாத எடத்துல. அவரு நல்ல மனுஷன் அக்கா. நான் ஸ்க்ரூ கேக்கறதுக்கு முன்னாடி நீட்டறாரு. கியர் பக்கத்துல ஒரு குமிழ் இருக்கும், அடி சத்தம் கூட்டறதுக்கும் கொறைக்கறதுக்கும். அவன் கைய அது மேல கொண்டு போய் வெச்சுட்டா விரலாலயே திருப்பலாம், அவ்வளவு லேசா வெச்சிருக்கேன்.

டெஸ்ட் பண்ணாம ஒரு வண்டியக்கூட நான் கடையிலேர்ந்து வெளிய விட்டதில்ல. இத மட்டும் பண்ணல. அவனயும் உக்கார வெச்சு முன்னாடி நின்னு போடறதுக்கு என்னால முடியல. காலையில கதவத் திறந்ததும் அந்தச் சாய்ஞ்ச சேர்லேர்ந்து மூச்சு மாஸ்க்குக்குள்ள, "வாங்க மாமா, முடியெல்லாம் எங்க போச்சு?"ன்னான். நான் சிரிச்சேன். அப்புறம் மதியம் வரைக்கும் கார விட்டு வெளிய வரல, பாத்திருப்ப. வேலை அவ்வளவு இல்ல. ரெண்டு மணி நேர வேலை.

இன்னொண்ணு. உனக்கு மட்டும். அந்தக் குமிழுக்கு அடியில ஒரு சின்னக் கட்டை வெச்சிருக்கேன். பாதிக்கு மேல திரும்பாது. நுரையீரலப் பத்தி நீ எழுதினத நெனச்சு நெனச்சு எனக்குத் தூக்கமே வரல. அவன்கிட்ட முழுசுன்னு சொல்லிட்டேன், ஆனா பாதிதான். கட்டைய எடுக்கணும்னா குமிழ இழுத்தாக் கையோட வந்துடும், உள்ள ஒரே ஒரு ஸ்க்ரூ. எடுக்கறதும் விடறதும் நீ பாத்துச் செய். எனக்குத் தைரியம் இல்ல.

உன் தம்பி


ஆகஸ்ட் 10

தம்பிக்கு,

நேற்று டீயோடு கீழே வந்தேன். உன் டம்ளரைக் கிரேன் குடித்தார். நீ போனதைப் பற்றி அவன் ஒன்றும் கேட்கவில்லை. "மாமாவுக்கு ரயிலு" என்று அவனே சொல்லிக்கொண்டான்.

இன்று நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். நீ பார்த்திருக்க வேண்டியது இது.

குடியிருப்பில் போட்டால் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள் என்று ஆய்வுக்கூடத்துப் பின்வளாகத்துக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை யாரும் இருப்பதில்லை. பம்ப் அறை, காலிக் கூடைகள், ஒரு காவலாளி. கிரேனை வெளியே ஒரு கூடையைக் கவிழ்த்து உட்காரச் சொன்னான். என்னைப் பின்சீட்டில் உட்காரச் சொன்னான். அவன் வலது கையை எடுத்துக் குமிழ் மேல் வைத்துவிட்டேன்.

பாட்டு எதுவும் போடவில்லை. மேளம் மாதிரி, ஆனால் மேளமும் இல்லை. தாழ்ந்த ஒலி ஒன்று மெதுவாக ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. குமிழைத் திருப்பினான். குமிழ் பாதியில் நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினான். நகரவில்லை.

"மாமா கட்டை வெச்சிருக்கார்," என்றான்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"என்கிட்ட 'முழுசு'ன்னு சொல்றப்ப என்னப் பாக்கல."

ஸ்க்ரூடிரைவர் என் பையில் இருந்தது. நேற்று மாலையே எடுத்து வைத்திருந்தேன். ஏன் எடுத்து வைத்தேன் என்று கேட்காதே. "எடுத்துடட்டுமா?" என்றேன். அவன் யோசித்தான். நிஜமாகவே யோசித்தான். "வேணாம். மாமா தூங்கணுமில்ல," என்றான்.

பாதியிலேயே போதுமானதாக இருந்தது. கண்ணாடிகள் அதிர்ந்தன. கூரையின் துணியை விரலால் தொட்டால் தெரிந்தது. காவலாளி ஓடிவந்து, "மேடம், பம்ப் எதுனா தானா ஓடுதா?" என்றார். "பம்ப் இல்ல சார், நான்தான்" என்றான் அவன். அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, என்ன நினைத்தாரோ, கிரேனுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

பிறகு மாஸ்க்கைக் கழற்றச் சொன்னான். கழற்றினேன். "அம்மா, கைய வை." பின்சீட்டிலிருந்து எட்டி அவன் நெஞ்சில் கையை வைத்தேன். அவன் நெஞ்சு எப்படி அசையும் என்பது எனக்கு மிக நன்றாகத் தெரியும். தூங்கும்போதும் ஆஸ்பத்திரியிலும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். இது வேறு மாதிரி இருந்தது. உள்ளங்கையின் கீழ் ஏறியது, இறங்கியது. அதில் எது அவனுடையது, எது உன் பெட்டியுடையது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. கையை எடுக்கவும் முடியவில்லை. "பாத்தியா? நான் இல்லம்மா," என்றான். கண்ணை மூடியிருந்தான். அவன் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததில்லை. நீ கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தது இதுதான் என்று நினைக்கிறேன். சொல்லியும் நான் நம்பவில்லை.

அதிக நேரம் இல்லை. உதடு நிறம் மாறத் தொடங்கியதும் நான் மாஸ்க்கை எடுத்தேன். அவனே விரலால் குமிழைக் குறைத்துவிட்டு, "போதும்" என்றான். அடுத்த வாரமும் வரலாமா என்று கேட்டேன். "பாக்கலாம்" என்றான்.

திரும்பி வரும் வழியெல்லாம் தூங்கினான். கிரேன் தூக்கிக் கட்டிலில் விட்டதும் தெரியாமல் தூங்கினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து இயந்திரத்தில் வரும் எண்களைப் பார்த்தேன். வெளியே போய்வந்த எந்த நாளிலும் போலவே குறைவாகத்தான் இருந்தன. கூடுதலாகவும் குறையவில்லை.

சாயங்காலம் எழுந்து, பசிக்கிறது என்றான். அவன் அப்படிச் சொல்லி வெகுநாளாயிற்று. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து ஊட்டினேன். நாலு வாய் சாப்பிட்டான். ஐந்தாவதை மெல்லும்போது களைத்துவிட்டான். மீதியை நான் சாப்பிட்டேன்.

அக்கா